ஃபானி லூ ஹேமரின் வழக்குரை

1964 ஆகஸ்ட் 22ஆம் தேதி. அட்லாண்டிக் சிட்டியில் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு தொடங்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. மாநாட்டுப் பிரதிநிதிகளின் தகுதியை விசாரிக்கும் குழுவின் முன் அன்று ஒரு வழக்கு வந்தது. மிசிசிப்பி மாநிலத்துக்கு ஒதுக்கிய இருக்கைகளுக்கு இரண்டு அணிகள் உரிமை கோரின. ஒன்று, அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வமான ஜனநாயகக் கட்சி. அதன் பிரதிநிதிகள் அனைவரும் வெள்ளையர். மற்றொன்று, அதே ஆண்டு ஏப்ரலில் ஜாக்சன் நகரில் தொடங்கிய மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி. எந்த இனத்தவரும் கலந்துகொள்ளலாம் என்று அறிவித்துக் கூட்டங்கள் நடத்தி, ஊர் அளவிலிருந்து மாநிலம் வரை படிப்படியாகத் தேர்ந்தெடுத்த 68 பேரை அது அனுப்பியிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். முதல் அணியைத் தேர்ந்தெடுத்த கூட்டங்களுக்குள் கறுப்பினத்தவரால் நுழைய முடியவில்லை, வாக்காளராகப் பதிந்துகொள்ளவே முடியவில்லை, எனவே அந்தத் தேர்வு செல்லாது என்பது இரண்டாம் அணியின் வாதம். அவர்களுடைய வழக்கறிஞர் ஜோசப் ராவ் அழைத்த சாட்சிகளில் ஒருவர் ஃபானி லூ ஹேமர். அப்போது அவருக்கு 46 வயது. பருத்திப் பண்ணையில் வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பத்தில் இருபது பிள்ளைகளின் கடைக்குட்டி. ஆறு வயதில் பருத்தி எடுக்க வயலில் இறங்கியவர். எழுதிவைத்த தாள் எதுவும் இல்லாமல் அவர் பேசியது ஏறத்தாழ எட்டு நிமிடம்.

அமெரிக்கக் குடிமை உரிமைப் போராட்டத்தின் பெரும் உரைகளைத் தொகுக்கும் யாரும் இன்று இந்த எட்டு நிமிடத்தை விட்டுவிடுவதில்லை. ஆனால் அதை எந்த வரிசையில் வைக்கிறார்கள் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. மார்ட்டின் லூதர் கிங்கின் 1963 வாஷிங்டன் உரைக்கு வரும்போது விமர்சகர்கள் விவிலியத்தையும் லிங்கனையும் அவர் கையாண்ட விதத்தைப் பேசுகிறார்கள், வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும் கட்டமைப்பை வரிவரியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஹேமருக்கு வரும்போது பேச்சு மாறிவிடுகிறது. உள்ளத்திலிருந்து வந்த குரல், கேட்டவர் கண்ணீர் விட்டார்கள், படிக்காத ஒரு பெண்ணின் கலப்பற்ற உண்மை என்ற பாராட்டுகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தப் பாராட்டு அவருக்கு இழைக்கும் அநீதி. கிங்குக்கு அறிவையும் கலையையும் கொடுத்துவிட்டு ஹேமருக்கு வலியை மட்டும் கொடுப்பது, அவர் எதை எதிர்த்துப் பேசினாரோ அந்த ஏற்பாட்டையே இலக்கிய விமர்சனத்துக்குள் கொண்டுவருவதாகும். அன்று அவர் செய்தது ஒரு வழக்கை நடத்தியது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் குழுவின் முன் இருந்த கேள்விக்கு ஒரு படி விடையாக அடுக்கப்பட்டிருக்கிறது. உரையின் உருக்கம் அந்த அடுக்கிலிருந்து பிறக்கிறது.

தொடக்கத்தையே பார்க்கலாம். அவர் தன்னைத் திருமதி ஃபானி லூ ஹேமர் என்று சொல்கிறார். பிறகு வீட்டு எண், தெரு, ரூல்வில் என்ற ஊர், சன்ஃபிளவர் கவுண்டி, மிசிசிப்பி. பிறகு, அது செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்டின் கவுண்டி என்று சேர்த்து, மாநிலத்தின் மற்றொரு செனட்டரான ஸ்டென்னிஸின் பெயரையும் சொல்கிறார். விசாரணைக் குழுக்களின் முன் எந்தச் சாட்சியும் சொல்லும் விவரம்தானே என்று தோன்றலாம். ஆனால் தெற்கு மாநிலங்களில் வெள்ளையர்கள் கறுப்பினப் பெண்ணை வெறும் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். மரியாதை அடைமொழி கிடையாது. அலபாமாவில் மேரி ஹாமில்டன் என்ற போராளியை அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் பெயர் சொல்லி அழைத்தபோது அவர் பதில் சொல்ல மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று தண்டித்தார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய், ஹேமர் பேசுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1964இல்தான் அந்தத் தண்டனை ரத்தானது. அடுத்து, முகவரி. ரூல்வில்லில் வாக்குரிமை கேட்டவர்களின் வீடு எது என்று தெரிந்தால் சுட வருவார்கள் என்பதை அதே உரையில் அவர் சொல்லப்போகிறார். அப்படியிருந்தும் நேரடித் தொலைக்காட்சியில் வீட்டு எண்ணை அறிவிக்கிறார். ஈஸ்ட்லாண்டோ அதே கவுண்டியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பருத்தி நிலம் வைத்திருந்த பண்ணையார், செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவர், இனப் பிரிவினையின் முதல் வரிசைக் காவலர்களில் ஒருவர். தன் கவுண்டியில் பெரும்பான்மையாக இருந்த மக்கள் வாக்களிக்க முடியாத நிலையில் அவர் செனட்டராக இருந்தார். ஒரே மூச்சில் தன் வீட்டையும் அவர் பெயரையும் ஒரு கவுண்டிக்குள் ஹேமர் நிறுத்திவிடுகிறார். வழக்கு எங்கே நிகழ்ந்தது, யாருடைய ஆட்சியில் நிகழ்ந்தது என்பது முதல் வாக்கியத்திலேயே முடிந்துவிட்டது. தமிழ் வாசகருக்கு இந்த முறை புதிதல்ல. பாண்டியன் அவையில் நின்ற கண்ணகியும் ஊரையும் குடியையும் கணவனையும் சொல்லித் தன் பெயரில் வந்து முடித்த பிறகே சிலம்பின் பரலுக்கு வருகிறாள். யார், எந்த ஊர் என்பதை நிலைநாட்டுவது வழக்குரையின் முதல் வேலை.

அடுத்து நிகழ்ச்சிகள். 1962 ஆகஸ்ட் 31ஆம் தேதி, 18 பேர் 26 மைல் பயணம் செய்து கவுண்டித் தலைநகரான இண்டியனோலாவின் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனார்கள், வாக்காளராகப் பதிந்துகொள்ள. அங்கே காவலர்களும் நெடுஞ்சாலைக் காவல் துறையினரும் நின்றிருந்தார்கள். ஒரு நேரத்தில் இருவரை மட்டும் எழுத்தறிவுத் தேர்வுக்கு அனுமதித்தார்கள். அந்தத் தேர்வைப் பற்றி ஹேமர் விவரிக்கவில்லை; குழுவினருக்குத் தெரியும். நமக்குத் தெரிய வேண்டும். 285 பிரிவுகள் கொண்ட மாநில அரசியலமைப்பிலிருந்து பதிவாளர் தனக்குத் தோன்றிய ஒன்றை எடுத்துக் கொடுப்பார். விண்ணப்பித்தவர் அதைப் படியெடுத்து, பொருள் விளக்கி எழுத வேண்டும். விளக்கம் சரியா என்பதைத் தீர்மானிப்பவரும் அதே பதிவாளர். 1964இல் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பினத்தவரில் பதிவு பெற்றிருந்தவர்கள் சுமார் 7 விழுக்காடு. திரும்பும் வழியில் பேருந்தை மறித்து, அதன் நிறம் சரியில்லை என்று ஓட்டுநர்மேல் குற்றம் சுமத்தியதை ஹேமர் அடுத்துச் சொல்கிறார். சிறிய செய்திதான். ஆனால் பதிவாளரிடமிருந்து காவலருக்கு வழக்கு நகர்ந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் தோற்றவர்களை வீதியில் தண்டிக்க இன்னொரு கை இருந்தது.

மூன்றாவது கை, ஹேமர் வேலை பார்த்த பண்ணையின் முதலாளியுடையது. 18 ஆண்டுகள் அந்தப் பண்ணையில் உழைத்தவர் ஹேமர், வேலையாட்களின் நேரக் கணக்கையும் எழுதியவர். அன்று மாலையே முதலாளி வந்து, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாவிட்டால் பண்ணையை விட்டுப் போக வேண்டும் என்கிறார்; திரும்பப் பெற்றாலும் போக வேண்டியிருக்கலாம் என்றும் சொல்கிறார். நான் உங்களுக்காகப் பதிந்துகொள்ளப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்பது ஹேமரின் பதில். அந்த இரவே அவர் வெளியேறினார். இந்த இடத்தில் முதலாளியின் பேச்சு முழுதாக வருகிறது. தன் பதிலை ஹேமர் ஒற்றை வரியில் முடிக்கிறார். உரை முழுவதும் இதே அளவுதான். எதிராளி நிறையப் பேசுகிறார், தன் வாயாலேயே தன்மேல் சான்று கொடுக்கிறார். ஓர் உரிமை யாருடையது என்ற கேள்விக்கு ஹேமரின் அந்த ஒற்றை வரி போதும். செப்டம்பர் 10ஆம் தேதி, அவர் அடைக்கலம் புகுந்திருந்த வீட்டின்மேல் பதினாறு குண்டுகள் பாய்ந்தன. குண்டுகளின் எண்ணிக்கையைச் சொன்னவர் தன் அச்சத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

பிறகு வினோனா. உரையின் பாதிக்கு மேல் அந்தச் சிறைக்குத்தான் போகிறது. 1963 ஜூன் 9ஆம் தேதி, வாக்காளர் பதிவுப் பயிற்சி முடிந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்த குழுவினர் வினோனாவில் இறங்கியபோது கைது செய்யப்பட்டார்கள். சிறையில் ஒரு நெடுஞ்சாலைக் காவலர் வந்து ஹேமரிடம் எந்த ஊர் என்று கேட்கிறார். ரூல்வில் என்கிறார். சரிபார்த்துக்கொள்கிறோம் என்று போகிறார்கள். திரும்பி வந்து, நீ ரூல்வில்தான் என்று உறுதி செய்துவிட்டு, செத்திருக்கலாம் என்று நீ ஏங்கும்படி செய்கிறோம் என்கிறார்கள். அதன் பிறகே அடி. இந்த வரிசையைப் பலர் கடந்து போய்விடுகிறார்கள். என் பார்வையில் உரையின் மையச் சான்று இது. குடிவெறியிலோ ஆத்திரத்திலோ யாரோ சில காவலர்கள் செய்த கொடுமை என்று ஒதுக்கிவிட இடமில்லை. விசாரித்தார்கள், தகவல் வரும்வரை காத்திருந்தார்கள், வந்தவுடன் தொடங்கினார்கள். ரூல்வில் என்ற ஊரின் பெயரே குற்றமாகிறது. முதல் வாக்கியத்தில் அவர் சொன்ன முகவரி இப்போது மறுபடி பேசுகிறது. அடித்தவர்கள் கறுப்பினக் கைதிகள் இருவர், ஆணையிட்டவர் காவலர் என்பதையும் அவர் பிரித்துச் சொல்கிறார். யார் கை, யார் ஆணை என்ற பாகுபாடு ஒரு வழக்குரையில்தான் இவ்வளவு தெளிவாக வரும். அந்தக் காவலர்கள்மேல் கூட்டாட்சி அரசு தொடர்ந்த வழக்கில் வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு 1963 டிசம்பரில் அனைவரையும் விடுவித்துவிட்டது. அட்லாண்டிக் சிட்டிக் குழுவின் முன் அவர் பேசியபோது, இந்தச் சான்றை ஏற்க மறுத்த ஒரு நீதிமன்றம் ஏற்கெனவே இருந்தது.

அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதும் சான்றுதான். 1961இல் ஒரு கட்டியை அகற்றும் அறுவை சிகிச்சையின்போது, அவர் ஒப்புதல் இல்லாமல் கருப்பையையும் எடுத்துவிட்டார்கள். மிசிசிப்பியின் ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு அப்போது வழக்கமாக நடந்த கொடுமை அது. 1964 ஜூனில் வாஷிங்டனில் நடந்த ஒரு பொது விசாரணையில் ஹேமர் இதைப் பேசியிருந்தார். ஆகஸ்டில் பேசவில்லை. வலியைக் காட்டிக் கண்ணீர் வரவழைப்பது நோக்கமாக இருந்திருந்தால், இதைவிடக் கனமான ஒன்று அவரிடம் இல்லை. ஆனால் குழு தீர்மானிக்க வேண்டியிருந்த கேள்வி வாக்குரிமை பற்றியது, கட்சிக் கூட்டத்தின் கதவு பற்றியது. வாக்காளர் பதிவோடு நேராகத் தொடர்பு உள்ளவை மட்டும் உள்ளே வந்தன. இந்தத் தேர்வைச் செய்தவரைப் பார்த்துத்தான் தன்னியல்பாகப் பொங்கினார் என்கிறோம்.

முடிவுக்கு வருவோம். இவ்வளவும் நடந்தது நாங்கள் பதிந்துகொள்ள விரும்பியதால், முதல்தரக் குடிமக்களாக விரும்பியதால் என்று காரணத்தைச் சொல்லிவிட்டு, சுதந்திர ஜனநாயகக் கட்சிக்கு இப்போது இருக்கை இல்லையென்றால் அமெரிக்காவையே கேள்வி கேட்கிறேன் என்கிறார். பிறகு அமெரிக்கத் தேசிய கீதம் நாட்டுக்குக் கொடுக்கும் பெருமைகளை எடுத்துக் கேள்வியாக்கி, நாகரிகமான மனிதராக வாழ விரும்பியதற்காக நாள்தோறும் வரும் மிரட்டலுக்கு அஞ்சித் தொலைபேசியை எடுத்துவைத்துவிட்டுத் தூங்க வேண்டிய நாடா இது என்று முடிக்கிறார். சாட்சியாக உள்ளே வந்தவர் கேள்வி கேட்பவராகிவிட்டார்; குழுவும் நாடும் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆனார்கள். அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். அவர் அமெரிக்காவைப் பொதுவாகப் பழிக்கவில்லை. இருக்கை கொடுத்தால் ஒரு முடிவு, மறுத்தால் இன்னொரு முடிவு. தீர்ப்பு குழுவின் கையில் இருக்கிறது, அந்தத் தீர்ப்பின்மேல் வரப்போகும் தீர்ப்பு தன் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வாதங்களில் எளியது, ஒருவருடைய அனுபவம் ஒரு மாநிலத்தின் ஏற்பாட்டை நிறுவாது என்பது. சட்ட ஆதாரங்கள் ராவ் தயாரித்த மனுவில் இருந்தன, அது உண்மை. ஆனால் ஹேமரின் உரையில் வருவது ஒரு மனிதர் ஒரு நாள் பட்ட துன்பம் அல்லவே. ஓராண்டுக்குள், இரண்டு கவுண்டிகளில், பதிவாளர், காவலர், நிலவுடைமையாளர், இருளில் சுட்டவர்கள், சிறை அதிகாரிகள் என்று ஒருவரை ஒருவர் சந்திக்க வேண்டிய தேவைகூட இல்லாதவர்கள் ஒரே செயலுக்கு ஒரே பதிலைக் கொடுக்கிறார்கள். ஏற்பாடு என்பதற்கு இதைவிட வேறு என்ன விளக்கம் வேண்டும்?

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. சாய்டியா ஹார்ட்மன் 1997இல் வெளியான தன் அடிமைமுறை ஆய்வில், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஃபிரெடரிக் டக்ளஸ் தன் சுயசரிதையில் எழுதிய, சித்தி அடிபடும் புகழ்பெற்ற காட்சியைத் திரும்ப எடுத்து எழுத மறுக்கிறார். கறுப்பு உடலின் வதையைத் திரும்பத் திரும்பக் காட்டுவது பார்வையாளரை மரத்துப்போகச் செய்யும், வதையையே காட்சிப்பொருளாக்கும் என்பது அவர் கவலை. அட்லாண்டிக் சிட்டியிலும் அது நடந்ததா? தன் உடலின் காயங்களை வெள்ளை அதிகாரத்தின் முன் விரித்துக் காட்டித்தானே ஒரு பெண் உரிமை கேட்க வேண்டியிருந்தது? அந்தக் கட்டாயம் இழிவானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இழிவு கட்டாயப்படுத்தியவர்களுடையது. ஹேமர் அந்தக் கட்டாயத்துக்குள் தன்னைப் பார்வைப்பொருளாக விடவில்லை. அடிக்கும்போது மேலேறிய உடையைத் தான் கீழே இழுத்துவிட்டதையும், ஒருவன் அதை மறுபடி மேலே தூக்கியதையும் அவர் சொல்கிறார். உடல் அவர்கள் வசத்தில் இருந்த நேரத்திலும் தன் செயல் ஒன்று இருந்தது என்பதை அந்தச் சாட்சியம் பதிவு செய்கிறது. பக்கத்து அறையில் அடிபட்ட பெண், அடிப்பவர்கள்மேல் இரக்கம் காட்டும்படி கடவுளிடம் வேண்டியதையும் சொல்கிறார். இரக்கம் இங்கே அடிபட்டவரிடமிருந்து அடித்தவருக்குப் போகிறது. கேட்பவர்களின் இரக்கத்தை வாங்க வந்த உரையில் இப்படி ஓர் இடம் இருக்காது.

அந்த இரக்கம் வேறு விதத்தில் தாராளமாகக் கிடைத்தது என்பதுதான் துயரம். ஹேமர் பேசிக்கொண்டிருந்தபோது ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வெள்ளை மாளிகையில் திடீரென்று செய்தியாளர் முன் தோன்றினார். தொலைக்காட்சிகள் அட்லாண்டிக் சிட்டியை விட்டு அங்கே திரும்பின. அன்று மாலை தொலைக்காட்சி நிறுவனங்கள் உரையை ஒளிபரப்பியபோது நாடு முழுதும் கேட்டது. ஜான்சன் குடிமை உரிமைகளுக்கு எதிரி அல்ல. ஜூலை 2ஆம் தேதி குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர். கறுப்பினத்தவரின் துன்பத்தைப் பார்த்து இரங்குவதில் அவருக்குச் சிக்கல் இருந்திருக்காது. இருக்கை கேட்டதுதான் சிக்கல். இருக்கை கொடுத்தால் தெற்கு அணிகள் வெளிநடப்புச் செய்யும், நவம்பர் தேர்தலில் பாதகமாகும் என்று அஞ்சினார். கட்சித் தலைமையின் சார்பில் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியும் வால்டர் மான்டேலும் ஒரு சமரசத்தை முன்வைத்தார்கள். சுதந்திரக் கட்சிக்கு, எந்த மாநிலத்தையும் சேராத இரண்டு பொது இருக்கைகள். உட்கார வேண்டியவர்கள் ஆரன் ஹென்றியும் எட் கிங்கும் என்பதையும் தலைமையே முடிவு செய்துவிட்டது. ஒருவர் மருந்தாளர், மற்றவர் கல்லூரிப் போதகரான ஒரு வெள்ளையர். இருவரும் உயிரைப் பணயம் வைத்துப் போராடியவர்கள், அதில் மறுப்பில்லை. மிசிசிப்பியின் இருக்கைகள் வெள்ளை அணியிடமே இருக்கும், கட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தால் போதும். 1968 மாநாட்டிலிருந்து இனப் பாகுபாடு காட்டும் அணிகளுக்கு இடமில்லை என்ற வாக்குறுதியும் உடன் வந்தது.

குடிமை உரிமைப் போராட்டத் தலைவர்களில் ஒருவரான பேயார்ட் ரஸ்டின் இதை ஏற்றுக்கொள்ளச் சொன்னார். மார்ட்டின் லூதர் கிங்கும் அந்தப் பக்கமே சாய்ந்தார். போராட்டத்திலிருந்து அரசியலுக்கு நகர வேண்டும், தொழிற்சங்கங்களோடும் தாராளவாதிகளோடும் கூட்டணி இல்லாமல் சிறுபான்மையினர் எதையும் வெல்ல முடியாது என்பது ரஸ்டினின் நிலைப்பாடு. 1965 பிப்ரவரியில் வெளியான கட்டுரையில் இதை விரிவாக எழுதினார். மதித்து வாசிக்க வேண்டிய வாதம். அரசியலில் பாதி அப்பத்தோடு திரும்புவது இழிவல்ல. ஆனால் அன்று கொடுத்தது கேட்டதன் பாதி இல்லை, வேறொரு பொருள். யார் மிசிசிப்பியின் பிரதிநிதிகள் என்பது கேள்வி. அந்தக் கேள்விக்கு மௌனமாக, வெள்ளை அணிதான் என்று பதில் சொல்லிவிட்டு, பதிலின் கசப்பைக் குறைக்க இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் போட்டார்கள். தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக அடிபட்டவர்களுக்கு, அவர்களுடைய பிரதிநிதிகளை வேறொருவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். இரண்டு இருக்கைக்காக இவ்வளவு தூரம் வரவில்லை என்று ஹேமர் மறுத்தார், அணியும் மறுத்தது. ஆகஸ்ட் 22இல் அவர் வைத்த நிபந்தனையை உண்மையாகவே வைத்தார் என்பதற்கு இந்த மறுப்பு சான்று. ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தக் கடைசிக் கேள்வி அலங்காரமாகிப் போயிருக்கும்.

ஜான்சன் கணக்கும் பலிக்கவில்லை. வெள்ளை அணியினரில் ஒரு சிலரைத் தவிர மற்றவர்கள் உறுதிமொழி எடுக்க மறுத்து ஊருக்குத் திரும்பினார்கள். நவம்பரில் மிசிசிப்பி 87 விழுக்காடு வாக்கை எதிர்க்கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டருக்குக் கொடுத்தது. 1965 ஆகஸ்டில் வந்த வாக்குரிமைச் சட்டம் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்திவைத்தது. 1967க்குள் மிசிசிப்பியின் கறுப்பின வாக்காளர் பதிவு ஏறத்தாழ 60 விழுக்காட்டை எட்டியது. இதை ஓர் உரையின் வெற்றி என்று எழுதுவது பிழை. அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமைப் போராளிகள் சிந்திய இரத்தம் உட்படப் பல காரணங்கள் அதில் இருக்கின்றன. உரை வென்றதா தோற்றதா என்பதை வைத்து அதன் தர்க்கத்தை அளக்கவும் கூடாது. நீதிமன்றம் தவறாகத் தீர்ப்பளித்ததால் வழக்கு பலவீனமானதாகிவிடாது.

ஹேமரின் உரை ஒலிப்பதிவாகவும் எழுத்தாகவும் எளிதில் கிடைக்கிறது. அதைப் படிக்கிறவர்களிடமும் வகுப்பில் கற்பிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குழுவின் முன் இருந்த கேள்வியை முதலில் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் நிறுத்தி, இது அந்தக் கேள்வியில் எதை நிரூபித்தது என்று குறித்துக்கொண்டே போங்கள். ஒரு வாக்கியம்கூட மிச்சமாக நிற்காது.